இரும்பும் மலையும் – 11: தண்டவாளத்துக்குள் நடப்பது

நானுஓயாவில் 1885இல் வந்து நின்ற ரயில் பாதை அப்புத்தளைக்குப் போய்ச்சேர 1893 ஆகிவிட்டது. இடையில் குறுக்கே கிடந்தது பட்டிப்பொல மேடு. இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் இன்றைக்கும் பட்டிப்பொலதான். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,890 மீற்றர். நிலையத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் பாதை உச்சியைத் தொட்டு, சுரங்கத்துக்குள் நுழைந்து, ஊவா மாகாணத்தில் வெளியே வருகிறது. சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மழையும் அந்தப் பக்கம் வெயிலுமாக இருப்பதை அவ்வழியே போய்வந்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

அந்தப் பாதையை வெட்டிய மனிதர்களைப் பற்றி முந்திய பகுதிகளில் எழுதினேன். இந்த வாரம் தண்டவாளத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் பாதையில் 44 அடி போனால் ஓரடி ஏற்றம். சில வளைவுகளின் ஆரை ஐந்து சங்கிலி, அதாவது 100 மீற்றர்தான். 5 அடி 6 அங்குல அகலப் பாதைக்கு இது மிக நெருக்கமான வளைவு. சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் பரப்போ ஏறத்தாழ ஒரு சதுர சென்ரிமீற்றர். அந்தச் சின்ன இடத்தில் பல தொன் எடை இறங்குகிறது. வளைவில் பக்கவாட்டிலும் நெரிக்கிறது. ஒவ்வொரு ரயில் போகும்போதும் உருக்கு அங்கே நசுங்குகிறது, விடுபடுகிறது, மறுபடி நசுங்குகிறது. இத்தனையையும் அது எப்படித் தாங்குகிறது? பாதை போட்ட எஞ்சினியர்களுக்கு எவ்வளவு தாங்கும் என்பது தெரியும், ஏன் தாங்குகிறது என்பது தெரியாது. 1893இல் உலகத்தில் யாருக்குமே அது தெரியாது.

முதல் தடயம் சில ஆண்டுகளில் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் இருந்த இயூவிங், ரோஸன்ஹைன் என்ற இருவர் நன்றாக மெருகேற்றிய உலோகத் துண்டுகளை இழுத்துவிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். மழமழவென்று இருந்த பரப்பில் மெல்லிய கோடுகள் படிகளாக எழும்பியிருந்தன. உலோகம் களிமண் மாதிரிக் குழைந்து வளைவதில்லை. அதன் உள்ளே இருக்கும் பளிங்குகளில் அணுக்கள் தளம் தளமாக அடுக்கப்பட்டிருக்கின்றன, ஒரு தளம் அடுத்த தளத்தின் மேல் வழுக்குகிறது என்று அவர்கள் எழுதினார்கள். 1903இல் இயூவிங்கும் ஹம்ஃப்ரியும் சுவீடன் இரும்பைத் திரும்பத் திரும்ப வளைத்து, அந்த வழுக்கல் கோடுகளிலிருந்தே வெடிப்பு தொடங்குவதைக் கண்டார்கள்.

சிக்கல் 1926இல் எழுந்தது. யாக்கொவ் ஃபிரெங்கெல் என்ற ரஷ்ய இயற்பியலாளர் ஒரு கணக்குப் போட்டார். ஓர் அணுத் தளம் முழுவதும் ஒரே நேரத்தில் பக்கத்துத் தளத்தின் மேல் வழுக்க எவ்வளவு விசை வேண்டும்? வந்த விடை மிகப் பெரியது. தூய உலோகப் பளிங்குகளோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு விசைக்கே, சில வேளை அதற்கும் குறைவுக்கே, வளைந்துகொடுத்தன. கணக்கில் பிழையில்லை, சோதனையிலும் பிழையில்லை. அப்படியானால் தளம் முழுவதும் ஒரே நேரத்தில் வழுக்குகிறது என்ற எண்ணத்தில்தான் பிழை இருக்க வேண்டும்.

எட்டு ஆண்டு கழித்து, 1934இல், மூன்று பேர் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்தார்கள்: கேம்பிரிட்ஜில் ஜி. ஐ. டெய்லர், புடாபெஸ்டில் பிறந்த எகோன் ஓரோவான், அதே ஊரில் பிறந்து அப்போது மான்செஸ்டரில் இருந்த மைக்கேல் பொலானி. டெய்லர் அதற்குப் பத்தாண்டு முன்பே கொன்ஸ்டன்ஸ் ஈலம் என்ற பெண் விஞ்ஞானியோடு சேர்ந்து அலுமினியப் பளிங்குகளை இழுத்து அளந்திருந்தவர். ஓரோவான் பெர்லினில் துத்தநாகப் பளிங்குகளை இழுத்துப் பார்த்தபோது, அவை சீராக நீளாமல் விட்டு விட்டு நீண்டதைக் கவனித்திருந்தார். அந்தச் சின்னத் துள்ளல்தான் அவரை யோசிக்க வைத்தது.

அவர்கள் சொன்னது இது. எந்தப் பளிங்கும் குறையில்லாமல் அடுக்கப்படுவதில்லை. சில இடங்களில் ஓர் அணுத் தளம் பாதி வழியில் முடிந்துபோகிறது. அது முடியும் விளிம்பு பளிங்குக்குள் ஒரு கோடாக ஓடுகிறது. விஞ்ஞானிகள் டிஸ்லொகேஷன் என்று அழைக்கும் அந்தக் கோட்டை இத்தொடரில் பிறழ்வு என்று குறிப்பிடுகிறேன். பளிங்கை அழுத்தும்போது தளம் முழுவதும் நகர்வதில்லை, இந்தக் கோடுதான் ஓர் அணு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு நகர்கிறது. மடுவத்தில் கொழுந்து நிறுக்க நிற்கும் வரிசையை நினைத்துப் பாருங்கள். முன்னால் நின்றவர் நிறுத்துவிட்டுப் போனதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கூடையைத் தூக்குவதில்லை. அடுத்தவர் ஓரடி வைக்கிறார், பிறகு அவருக்குப் பின்னால் நிற்பவர், பிறகு அவருக்கும் பின்னால் நிற்பவர். இடைவெளி கடைசி ஆளைத் தாண்டும்போது வரிசை முழுவதும் ஓரடி முன்னால் வந்துவிடும். எந்த நேரத்திலும் நகர்ந்தது ஒரே ஒருவர். உலோகம் இவ்வளவு குறைந்த விசைக்கு வளைவதன் காரணமும் இதுவே.

இத்தோடு நின்றிருந்தால் குறைபாடு என்பது உலோகத்தைப் பலவீனப்படுத்தும் ஒன்று என்றே கதை முடிந்திருக்கும். டெய்லர் அதே கட்டுரையில் இன்னொரு படி போனார். பிறழ்வுகள் ஒன்றையொன்று பாதிக்கின்றன என்றார். ஒவ்வொரு பிறழ்வும் தன்னைச் சுற்றியுள்ள அணுக்களை ஒரு பக்கம் நெருக்கி, மறுபக்கம் இழுத்து வைத்திருக்கிறது. ஒரே வகைப் பிறழ்வுகள் இரண்டு ஒரே தளத்தில் நெருங்கினால் ஒன்றையொன்று தள்ளும். எதிர் வகையானவை ஈர்த்துக்கொள்ளும். ஒரே தளத்தில் சந்தித்தால் இரண்டும் இல்லாமற் போகும், பக்கத்துப் பக்கத்துத் தளங்களில் வந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றுவிடும். பின்னாளில் லோமர் (1951), கொற்றெல் (1952) என்ற ஆங்கிலேயர்கள் இன்னொரு வகையையும் கணக்கிட்டுக் காட்டினார்கள்: வெவ்வேறு தளங்களில் வரும் இரு பிறழ்வுகள் சந்தித்து ஒன்றாகி, இரண்டு தளத்திலும் வழுக்க முடியாத மூன்றாவது பிறழ்வாகிவிடும். அது அங்கேயே கிடந்து, பின்னால் வருபவற்றுக்கும் வழியை அடைத்துவிடும்.

இதை வீட்டிலேயே கையால் உணரலாம். கொஞ்சம் தடித்த செப்புக் கம்பி ஒன்றை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிடுங்கள். விரலால் வளைத்தால் குழைந்து வளையும். அதே இடத்தில் திருப்பி நிமிர்த்துங்கள். இப்போது கொஞ்சம் பிடிவாதம் காட்டும், வளைந்த இடம் அப்படியே நிற்க அதன் இருபுறமும் வளையப் பார்க்கும். இன்னும் சில தடவை செய்தால் விறைத்துவிடும், பிறகு முறிந்துவிடும். முறியுமுன் நிறுத்தி மறுபடி காய்ச்சினால் பழைய மெதுமை திரும்பிவிடும். நன்றாகக் காய்ச்சி ஆறிய உலோகத்தில் ஒரு கன சென்ரிமீற்றருக்குள் இருக்கும் பிறழ்வுக் கோடுகளை நீட்டி வைத்தால் சில நூறு கிலோமீற்றர் வரும். அடித்தும் வளைத்தும் விறைத்துப்போன உலோகத்தில் அது ஒரு கோடி கிலோமீற்றர் வரை போகும். அவ்வளவு கோடுகள் ஒன்றிலொன்று சிக்கிக் கிடக்கும்போது எதுவும் நகர முடியாது. காய்ச்சும்போது அந்தச் சிக்கலை அவிழ்க்க உதவுவது இன்னொரு குறைபாடு. பளிங்கில் ஆங்காங்கே அணு இல்லாமல் வெறுமையாகக் கிடக்கும் காலியிடங்கள் அவை. சூடு ஏற ஏற அவை பெருகி அலைகின்றன. அவற்றை விழுங்கியும் உமிழ்ந்தும் பிறழ்வுகள் தங்கள் தளத்தை விட்டு ஏறி இறங்கி, ஒன்றோடொன்று கலந்து அழிந்துபோகின்றன.

இரும்பின் கதையில் மூன்றாவது ஓர் ஆளும் உண்டு. 1949இல் பர்மிங்காமில் இருந்த அலன் கொற்றெல், பில்பி என்பவரோடு சேர்ந்து அதை விளக்கினார். காபன் அணு இரும்பு அணுவை விடச் சிறியது. அது இரும்பு அணுக்களின் இடுக்குகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பிறழ்வுக் கோட்டின் கீழே அணுக்கள் இழுபட்டு இடம் கொஞ்சம் அகன்றிருக்கும். காபன் அணுக்கள் மெல்ல நகர்ந்து அங்கே போய்ச் சேருகின்றன. அப்படிச் சேர்ந்த பிறகு பிறழ்வு நகர வேண்டுமானால் அவற்றைப் பிய்த்துக்கொண்டு போக வேண்டும். 0.01 வீதத்துக்கும் குறைந்த காபனே இதற்குப் போதும். தண்டவாள உருக்கில் அதைப் போலப் பல மடங்கு, 0.6 முதல் 0.8 வீதம் வரை, காபன் இருக்கிறது. இடுக்குகளில் இடம் போதாமல் அந்தக் காபன், இரும்போடு சேர்ந்து மெல்லிய கடினமான ஏடுகளாகப் பிரிந்து, மென்மையான இரும்பு ஏடுகளுக்கு நடுவே மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கிறது. பிறழ்வு சிறிது தூரம் ஓடியதுமே ஓர் ஏட்டில் முட்டி நிற்கிறது. பட்டிப்பொல வளைவில் தண்டவாளம் நிற்பது இந்த முட்டலால்தான்.

இனி மேட்டை விட்டு இறங்குவோம். உருக்கின் வரலாற்றை இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தொடங்கி ஷெஃபீல்டிலேயே முடிக்கும் புத்தகங்கள் பல. அவற்றில் இடம்பெற வேண்டிய ஓர் இடம் பட்டிப்பொலைக்குத் தெற்கே, மலை இறங்கும் பக்கத்தில் இருக்கிறது. பட்டிப்பொலையிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறோமே, அங்கே ஊறும் பெலிஹுல் ஓயா தெற்கே செங்குத்தாக விழுந்து, வளவை கங்கையோடு சமனலவெவவில் கலக்கிறது. அங்கே அணை கட்டும் வேலை நடந்த காலத்தில், 1988 தொடக்கம், கில் ஜூலெஃப் என்ற பிரித்தானியத் தொல்லியலாளர் அந்த மலைச் சரிவுகளை ஆராய்ந்தார். நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் இரும்பு உருக்கிய தடயம் கிடைத்தது. பல உலைகள் குன்றுகளின் மேற்கு விளிம்பில், மேற்கைப் பார்த்தபடி இருந்தன. கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அவை எரிந்திருக்கின்றன.

துருத்தி ஊதும் ஆள் இல்லை. உயரமான புகைபோக்கி இல்லை. அகலமான, தாழ்ந்த முன்சுவர் ஒன்று. அதன் அடியில் வரிசையாகச் சுட்ட களிமண் குழாய்கள். ஜூன் தொடங்கித் தென்மேல் பருவக்காற்று மலையைத் தாண்டி அந்தச் சரிவில் வறண்டு வீசும். காற்று சுவரின் மேல் விளிம்பைக் கடக்கும்போது அதன் பின்னால் அமுக்கம் குறைகிறது. அந்தக் குறைவு குழாய்கள் வழியாகக் காற்றை உலைக்குள் இழுக்கிறது. ஒவ்வொரு தடவையும் முன்சுவரை உடைத்து உலோகத்தை எடுத்துவிட்டு, அடுத்த தடவைக்குப் புதிதாகக் கட்டினார்கள். ஜூலெஃப் 1994இல் அதே மாதிரி உலை கட்டி, அதே காற்றில் எரித்துப் பார்த்தார். கிடைத்தது வெறும் இரும்பு மட்டுமல்ல, காபன் மிகுந்த உருக்கும் கிடைத்தது. 1996 ஜனவரியில் அது ‘நேச்சர்’ இதழில் வெளியானது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத்தில் இருந்த அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதியபோது சரந்தீப் (இலங்கை) உருக்கையும் சொல்லியிருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த உலைக்காரர்களுக்குக் காபன் என்ற பெயர் தெரியாது. ஆனால் எந்தச் சூட்டில், எந்தக் காற்றில், எவ்வளவு கரியோடு வைத்தால் இரும்பு உருக்காகும் என்பது கை அறிந்த அறிவு. கரியிலிருந்து வந்த காபன் அணுக்கள் செந்தழலில் இரும்பின் இடுக்குகளுக்குள் புகுந்தன. பிறழ்வுகளை மறிக்கும் ஆளை இரும்புக்குள் அனுப்பும் வேலையை அவர்கள் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே செய்துகொண்டிருந்தார்கள். இது சாதாரண சாதனை என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

அந்த உலைகள் இருந்த பலாங்கொடைப் பகுதிக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொருவர் போனார்: ஆனந்த குமாரசுவாமி. கலை அறிஞராகத்தான் அவரை நமக்குத் தெரியும். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனான அவர் படித்தது நிலவியல். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைக்குத் தலைமை தாங்கியவர். அந்த வேலையில் அலைந்தபோதுதான் அலுத்நுவர என்ற ஊரில் உருக்குச் செய்யும் முறையைக் கேட்டறிந்து பதிந்தார். அப்போதே அந்தத் தொழில் அணையும் நிலையில் இருந்தது. குகை எனப்படும் சிறு களிமண் கலத்துக்குள் இரும்புத் துண்டையும், சிங்களத்தில் ரணவரா என்று சொல்லும் ஆவாரை மரச் சிராய்களையும் போட்டு மூடி, உலையில் வைத்துக் காய்ச்சுவது அந்த முறை. சேலம் பக்கத்து உருக்குத் தொழிலை 1839இல் விவரித்த ஹீத் என்பவரும் அதே ஆவாரையைத்தான் குறிப்பிடுகிறார். கடலுக்கு இரு பக்கமும் ஒரே மரம், ஒரே குகை. குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இந்த விவரங்கள் இருக்கின்றன.

1912இல் ரொபர்ட் ஹாட்ஃபீல்ட் என்ற ஷெஃபீல்ட் உருக்கு நிபுணர், இலங்கையிலிருந்து பெற்ற பழைய இரும்புப் பொருள்களை ஆராய்ந்து எழுதினார். சிகிரியாவில் கிடைத்த ஐந்தாம் நூற்றாண்டு உளியொன்று அவற்றில் இருந்தது. அதில் காபன் ஏற்றப்பட்டிருந்ததை அவர் கண்டார். இதே ஹாட்ஃபீல்ட்தான் 1882இல் மங்கனீசு உருக்கைக் கண்டுபிடித்தவர். அடிபட அடிபட விறைக்கும் உருக்கு அது. தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் சந்திகளில் உலகெங்கும் பயன்படுகிறது. ஏன் விறைக்கிறது என்பது அவருக்கும் தெரியாது. பிறழ்வுகள் பெருகிச் சிக்கிக்கொள்வதும் அதற்குக் காரணம் என்று தெரியவர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

கவ்வாத்துக் கத்தி அடிக்கும் கொல்லரின் பட்டறையிலும் இதே வேலை நடக்கிறது. கத்தியின் வாயைச் செக்கச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று தண்ணீரில் தோய்க்கிறார். சூட்டில் நிறையக் காபனைக் கரைத்து வைத்திருந்த இரும்புக்கு அதை வெளியே தள்ள நேரம் கிடைப்பதில்லை. அணு அடுக்கு காபனைச் சிறைப்பிடித்தபடியே கோணலாக மடிந்துவிடுகிறது. உள்ளே பிறழ்வுகள் அடர்ந்துவிடுகின்றன. கத்தி கடினமாகிறது, ஆனால் கல்லில் பட்டால் தெறித்துவிடும். அதனால் பின்பக்கத்தில் மிஞ்சிய சூடு மெல்ல வாய்க்கு வரும்வரை பார்த்திருந்து, மெருகேற்றிய இரும்பு வைக்கோல் நிறமானதும் மறுபடி தோய்த்து நிறுத்துகிறார். கொஞ்சம் காபன் விடுபட்டுத் துகள்களாகச் சேர்கிறது. கத்தி தெறிக்காத அளவுக்கு இளகுகிறது. நிறத்தைப் பார்த்து நிறுத்தும் அந்தக் கண்ணைப் புத்தகத்தால் தர முடியாது.

1934க்குப் பிறகும் பிறழ்வை நம்பாத உலோகவியலாளர் நிறையப் பேர் இருந்தார்கள். யாரும் கண்ணால் காணவில்லையே. 1956இல் கேம்பிரிட்ஜின் கவெண்டிஷ் ஆய்வுகூடத்தில் ஹெர்ஷ், ஹோர்ன், வீலன் ஆகிய மூவரும் மிக மெல்லிய அலுமினியத் தகட்டை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார்கள். கோடுகள் தெரிந்தன. பார்த்துக்கொண்டிருக்கையிலேயே நகர்ந்தன. சர்ச்சை முடிந்தது.

தமிழ்நாட்டுக் கல்பாக்கத்துக்கும் இந்த வரலாற்றில் ஓர் அத்தியாயம் உண்டு. தமிழில் அதைப் பற்றி அதிகம் எழுதப்படாதது எனக்கு ஆதங்கம். அங்கே 1985 ஒக்டோபரில் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையில் நியூத்திரன்கள் உருக்கின் அணுக்களை மோதி இடத்தை விட்டுத் துரத்துகின்றன. துரத்தப்பட்ட அணு ஓர் இடுக்கில் போய் நெருங்குகிறது. பின்னால் ஒரு காலியிடம் மிஞ்சுகிறது. இடுக்கு அணுக்களைப் பிறழ்வுகள் விரைவாக விழுங்கிவிடுகின்றன. மிஞ்சிய காலியிடங்கள் கூடிக் கூடிச் சிறு குழிகளாகி, உருக்கு ஊதிப் பருக்கிறது. ஸ்கொட்லாந்தின் டூன்ரே உலையில் இருந்த உருக்கில் இது தென்பட்டதை 1967இல் அறிவித்தார்கள். கல்பாக்கத்து உலோகவியலாளர்கள் இன்றுவரை போராடும் எதிரிகளில் ஒன்று அந்த வீக்கம்.

அதே வளாகத்தில் 1982இல் ஜி. அனந்தகிருஷ்ணா, எம். சி. வல்சகுமார் என்ற இருவரும் வேறொரு புதிரை எடுத்தார்கள். சில கலப்புலோகங்களைக் குறிப்பிட்ட சூட்டிலும் வேகத்திலும் இழுத்தால் அவை சீராக நீளாமல் துள்ளித் துள்ளி நீளும். விசையை வரைந்தால் வாள் பல் மாதிரி வரும். போர்த்தவென், ல ஷாத்தலியே என்ற பிரெஞ்சுக்காரர்கள் 1923இல் எழுதிய விளைவு அது. காரணத்தைக் கொற்றெல் சொல்லியிருந்தார்: தடையில் நின்ற பிறழ்வைக் கரைந்த அணுக்கள் வந்து சூழ்கின்றன, அது பிய்த்துக்கொண்டு ஓடுகிறது, மறுபடி நிற்கிறது, மறுபடி சூழப்படுகிறது. ஆனால் கோடிக்கணக்கான பிறழ்வுகள் எப்படி ஒரே தாளத்துக்கு வருகின்றன? கல்பாக்கத்து இருவரும் ஓடும் பிறழ்வுகள், நின்றுவிட்ட பிறழ்வுகள், அணுக்களால் சூழப்பட்ட பிறழ்வுகள் என்று மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒன்று மற்றொன்றாக மாறும் வேகத்தைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். தாளம் அந்தச் சமன்பாடுகளிலிருந்து தானாகவே பிறந்தது. குறைபாடுகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரு சமூகமாகப் பார்த்த முன்னோடி வேலைகளில் இதுவும் ஒன்று என்று நான் துணிந்து சொல்வேன்.

பட்டிப்பொலத் தண்டவாளத்திலும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டேயிருக்கிறது. சக்கரம் ஏற ஏறத் தலைப்பரப்பு விறைக்கிறது, அது நன்மை. விறைப்பு எல்லை தாண்டினால், இயூவிங் கண்ட அதே கோடுகளிலிருந்து மயிரிழை வெடிப்புகள் பிறக்கின்றன. இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்ட் என்ற ஊரில் 2000 ஒக்டோபர் 17 அன்று வளைவொன்றில் தண்டவாளம் அப்படித்தான் சிதறி, நான்கு பேர் இறந்தார்கள். மழையிலும் பனியிலும் பாதை நெடுக நடந்து தண்டவாளத்தைப் பார்த்துவரும் தொழிலாளியின் வேலை அதனால்தான் அவ்வளவு பொறுப்பானது. அதற்குரிய மதிப்பும் ஊதியமும் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். சமனலவெவ அணை 1992இல் கட்டி முடிந்தபோது பழைய உலை இடங்கள் சில நீரில் மூழ்கிப்போயின. பலாங்கொடை, பெலிஹுல் ஓயா பக்கத் தோட்டங்களிலும் மேய்ச்சல் சரிவுகளிலும் கறுத்துக் கனத்த இரும்புக் கிட்டக் கட்டிகளையோ, சுட்ட களிமண் குழாய்த் துண்டுகளையோ கண்டால் வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். உலை எந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தது என்பதை அவை கிடக்கும் இடம்தான் சொல்லும். இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.